அண்ணன் பெயரில் ஒரு பாலடின்

என் மேசையில் இருக்கும் மவுஸின் இடது பொத்தான் மஞ்சளாக இருக்கும். முழுவதும் அல்ல, ஆள்காட்டி விரல் படுகிற இடம் மட்டும். சோப்புத் தண்ணீர், எலுமிச்சைத் தோல், கண்ணாடி துடைக்கிற திரவம் என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாத மஞ்சள். ஆபீசில் வயர் இல்லாத புது மவுஸ் கொடுத்திருக்கிறார்கள். அது பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் கிடக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில், மீட்டிங்கில் யாராவது நீட்டி முழக்கிப் பேசும்போது என் விரல் தானாக அந்த மஞ்சளைச் சுரண்டத் தொடங்கிவிடும். எனக்குச் சும்மா உட்கார வராது. அண்ணிக்கும் வராது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு வளைகுடாவில் வேலை. அண்ணியின் விசா வந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கிளம்பும்போது இரண்டு பொறுப்புகளை அண்ணியிடம் ஒப்படைத்தான். ஒன்று அவனுடைய பைக். வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி செத்துவிடும். வெளிநாடு போகிற எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் சொல்லிவிட்டுப் போவதுதான் இது. இரண்டாவது பொறுப்பு எங்கள் சேலையூர் காலனியில் வேறெந்தப் புதுப்பெண்ணுக்கும் கிடைத்திருக்காது. தன் ஆன்லைன் விளையாட்டில் இருக்கும் பாலடினைத் தினமும் கொஞ்சம் லெவல் ஏற்றி வைக்கச் சொன்னான்.

பாலடின் என்றால் சாமிக்கு நேர்ந்துவிட்ட போர்வீரன். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம், வாயில் மந்திரம். வாளால் எதிரியை வெட்டவும் முடியும், மந்திரத்தால் கூட இருப்பவர்களின் காயத்தை ஆற்றவும் முடியும். அண்ணன் கல்லூரிக் காலத்திலிருந்து நான்கு நண்பர்களோடு சேர்ந்து ஆடியவன். புது ஊரில் புது வேலையில் ஆட நேரம் கிடைக்காது, மற்றவர்கள் லெவல் ஏறிப் போய்விட்டால் தன்னைக் கழற்றிவிட்டுவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அதே சமயம், பெண்டாட்டியை விட்டு ஏற்றச் சொல்கிறேன் என்று நண்பர்களிடம் சொல்ல வெட்கம். அங்கே போனாலும் நானே ஆடுவேன் என்று அவர்களிடம் அளந்துவிட்டுத்தான் விமானம் ஏறினான்.

அண்ணிக்குக் கேளம்பாக்கத்தைத் தாண்டி உள்ளே ஒரு ஊர். பி.காம். முடித்து, ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கல்யாணத்துக்காக அந்த வேலையை விட்டாள். விசா வரப்போகிற பெண்ணுக்கு எதற்கு வேறு வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். விசாவோ வந்தபாடில்லை. நான் கல்லூரி முடித்து, கையில் ஆஃபர் லெட்டரோடு, சேர வேண்டிய தேதியைக் கம்பெனி தள்ளித் தள்ளி வைப்பதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அம்மா கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் அவள் போனால் சாயங்காலம் வரை வீட்டில் நாங்கள் இரண்டு பேர், இரண்டு போன்கள். யாருடைய போன் அடித்தாலும் இரண்டு பேரும் எழுந்து ஓடுவோம். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்பார்கள்.

முதல் சில வாரங்கள் அண்ணி அந்தப் பாலடினை பைக்கைப் பார்ப்பது மாதிரிதான் பார்த்தாள். அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தது ஒரே ஒரு வழி. ஒரு காடு, அதில் ஓநாய்கள். வெட்டினால் கொஞ்சம் அனுபவப் புள்ளி ஏறும். கொஞ்ச நேரத்தில் செத்த ஓநாய் அதே இடத்தில் மறுபடியும் எழுந்து நிற்கும். அதை மறுபடியும் வெட்ட வேண்டும். "தேச்ச பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்க்கிற மாதிரி இருக்கு பாப்பா" என்பாள். என்னை அவள் பாப்பா என்றுதான் கூப்பிடுவாள், என்னைவிட இரண்டே வயதுதான் மூத்தவள் என்றாலும். மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளரும் நடுங்கும். இடையில் எழுந்து போய்க் குழம்பைக் கிளறிவிட்டு, கையைப் புடவையில் துடைத்தும் துடைக்காமலும் வந்து மவுஸைப் பிடிப்பாள். அந்த மஞ்சள் அப்படி ஏறியதுதான்.

ஒருநாள் மத்தியானம் அவள் ஓநாய் வெட்டிக்கொண்டிருந்தபோது திரையில் ஒரு பெட்டி வந்தது. அண்ணனின் நண்பர்கள் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள். என்ன செய்வது என்று என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் 'சரி' என்கிற பொத்தானை அமுக்கிவிட்டாள். அவள் குணம் அது. அந்த நான்கு பேருக்கும் மத்தியானம்தான் ஓய்வு. இரும்புலியூரில் மொபைல் கடை வைத்திருப்பவர்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஆடுவார். மற்ற மூவரில் ஒருவன் சாப்பாடு டெலிவரி செய்கிறவன், ஒருவன் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவன், ஒருவன் இரவு ஷிப்ட்காரன். அண்ணி மைக் கெட்டுப்போய்விட்டது என்று டைப் செய்தாள். அதோடு அவள்தான் அண்ணன் என்று ஆகிவிட்டது.

அந்தச் சண்டையில் அவள் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரையின் ஓரத்தில் ஐந்து பேருடைய உயிரும் ஐந்து பச்சைக் கோடுகளாகத் தெரியும். அடி விழ விழக் கோடு குறையும். மற்ற நான்கு பேரும் ராட்சசனைப் பார்த்து ஆடினார்கள். அண்ணி ராட்சசனைப் பார்க்கவே இல்லை. அந்தக் கோடுகளை மட்டும் பார்த்தாள். யாருடையது குறைகிறதோ அவன் கேட்பதற்கு முன் மந்திரம் போனது. எப்படி அண்ணி என்று கேட்டேன். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற மாதிரிதான், யார் இலையில் என்ன தீர்ந்துபோச்சுன்னு பார்த்துக்கிட்டே வரணும், அவ்வளவுதான் என்றாள். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு புள்ளி கிடைக்கும், அதை வாளில் போடலாம் அல்லது மந்திரத்தில் போடலாம். எல்லாவற்றையும் வாளில் போடு என்று அண்ணன் சொல்லியிருந்தான். அண்ணி அன்றிலிருந்து ஒன்றைக்கூட வாளில் போடவில்லை. வெட்டுவதற்கு நான்கு பேர் இருக்கிறார்களே என்றாள்.

அதற்கப்புறம் வீட்டின் மத்தியானங்களே மாறிப்போயின. நண்பர்கள் அவளை மச்சான் என்றார்கள், டேய் என்றார்கள், கொஞ்சம் தாமதமானால் அசிங்கமாகத் திட்டினார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். பதிலுக்கு எப்படித் திட்டுவது என்று என்னிடம் கேட்டுத் தட்டுவாள். பிறந்த வீட்டில் அவள் மூத்த மகள், புகுந்த வீட்டில் ஒரே மருமகள். எங்கேயும் அவளை யாரும் டேய் என்று கூப்பிட்டதில்லை, மச்சான் நீ இல்லாவிட்டால் செத்திருப்போம் என்று சொன்னதும் இல்லை. பாலடின் கடைசி லெவலைத் தொட்டால் அவனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை கிடைக்கும். "எங்க ஊர் எல்லையில ஐயனாரு இருக்காரு பாரு, அச்சு அசல் அப்படியே இருப்பான்" என்பாள். அந்தக் குதிரையில் ஏறி, இந்த நான்கு பேரோடு கடைசிக் கோட்டைக்குள் நுழைய வேண்டும். அந்த வருஷத்தில் அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். விசாவைப் பற்றிக்கூட அப்படிப் பேசியதில்லை. அண்ணனுக்கு இதெல்லாம் தெரியாது. லெவல் ஏறுகிறதா என்று கேட்பான், ஏறுகிறது என்பாள்.

கடைசி லெவலுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்கிற நிலையில் அந்தத் தப்பு நடந்தது. ஒரு பெரிய சண்டைக்கு நடுவில் தெருவில் ஹார்ன் சத்தம் கேட்டது. தண்ணீர் லாரி. எங்கள் பக்கத்தில் கோடைக்காலத்தில் லாரி வந்தால் பிணத்தைக்கூட அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். குழாயைப் பிடித்துத் தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விட ஆள் இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அண்ணி அவசரத்தில், 'தண்ணி லாரி வந்துடுச்சு, இருங்கடா' என்று தட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

வளைகுடாவில் இருப்பவனுக்குச் சேலையூரில் தண்ணீர் லாரி எப்படி வரும்? நான்கு பேரும் அதைப் படித்துவிட்டு யோசித்திருக்கிறார்கள். எப்போது பார்த்தாலும் மத்தியானத்தில் ஆடுகிறான். பேசச் சொன்னால் மைக் இல்லை என்கிறான். நம் ஏரியாவில் கரண்ட் போகும்போதெல்லாம் அவனும் காணாமல் போகிறான். அவன் பெயரில் ஒரு பெண் ஆடுகிறாள் என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்குத் தோன்றியது வேறு. மச்சானுக்கு வேலை போய்விட்டது, ஊர் திரும்பிவிட்டான், வெளியே தலைகாட்ட வெட்கப்பட்டு வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறான். தாம்பரத்தைச் சுற்றி அப்படித் திரும்பி வந்து அடைந்து கிடந்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அடுத்த சனிக்கிழமை, இரண்டு பைக்கில் நான்கு பேராக, ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு எங்கள் கேட்டில் வந்து நின்றார்கள். பள்ளிக்கூடம் லீவு. கேட்டைத் திறந்தது அம்மா.

கடைக்கார அண்ணாதான் பேசினார். குரலைத் தாழ்த்தி, சாவு வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார். "அம்மா, மச்சானக் கொஞ்சம் கூப்புடுங்க. உள்ளதான் கீறான்னு எங்களுக்குத் தெரியும். வேலை போனா போவட்டும்மா, அது இன்னா பெரிய விசயம். நாங்க எதுவும் கேக்க மாட்டோம். மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறோம்."

அம்மாவுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். என்னிடம் எதை மறைக்கிறீர்கள், என் பிள்ளை எங்கே என்று கேட்டாள். இரண்டு வாரமாக அவன் வீடியோவில் வரவில்லை, குரல் மட்டும்தான் என்பது அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஞாபகம் வந்தது. நான் ஏதோ உளறினேன். அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால், அம்மா அண்ணனுக்குப் போன் போட்டுப் பேசவைத்திருப்பாள், எதையோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. ஆனால் அம்மா பிடித்த கேட்டை விடாமல் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"அவரு அங்கதான் இருக்காரு அத்தை, வேலை நல்லாத்தான் இருக்கு" என்று முதலில் அம்மாவிடம் சொன்னாள். பிறகு அவர்களைப் பார்த்து, "தண்ணி லாரின்னு சொன்னது நான்தாங்க. இத்தனை நாளா உங்ககூட ஆடினதும் நான்தான்" என்றாள்.

டெலிவரிக்காரப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி கழற்றிய நிலையில் நின்றான். கடைக்கார அண்ணா அவளையே பார்த்தார். அவர் மனதுக்குள் அத்தனை திட்டும் வரிசையாக வந்துபோயிருக்க வேண்டும். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கங்க அண்ணி. தெரியாம மச்சான் மச்சான்னு பேசிட்டோம்" என்றார். பழப்பையைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா அண்ணனுக்கு வீடியோ போட்டு, அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னதும் அவள்தான். பெற்றவள் வயிறு எரிந்தது, சொல்லாமல் இருக்க முடியுமா.

ஆட்டம் உடனே நின்றுபோகவில்லை. நின்றிருந்தால்கூடத் தேவலை. அடுத்த நாட்களில் திரையில் வந்ததெல்லாம் மரியாதை. அண்ணி உங்களுக்கு நேரம் இருந்தால் வாருங்கள், அண்ணி சிரமம் இல்லையென்றால் கொஞ்சம் காயத்தை ஆற்றுங்கள், நன்றி அண்ணி. யாரும் திட்டவில்லை, யாரும் சிரிக்கவில்லை. கடைசிக் கோட்டைக்கு எப்போது போகலாம் என்று இவள் கேட்டதற்கு, அண்ணன் வந்ததும் போகலாம் அண்ணி என்று பதில் வந்தது. அவள் அதை இரண்டு முறை படித்தாள். "மரியாதை குடுத்துக் குடுத்தே என்னை வெளிய அனுப்பிடுவாங்க போல இருக்கு பாப்பா" என்றாள். கால் ஆடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அண்ணன் அந்த வாரமே பேசினான். நண்பர்கள் முன்னால் மானம் போய்விட்டது என்று கத்தியது பக்கத்து அறைக்குக் கேட்டது. அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்கதானே ஏத்தி வைக்கச் சொன்னீங்க. ஏத்தித்தானே வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் மத்தியானம் விளையாட்டைத் திறந்தபோது பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. அவள் மறுபடியும் தட்டினாள். மறுபடியும் தவறு. எழுந்து வெளியே போனாள். அன்றைக்குப் பைக்கை ஸ்டார்ட் செய்ய வேண்டிய நாள்கூட இல்லை. ஸ்டாண்டில் நிற்கிற வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள், விட்டாள், முறுக்கினாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப்பார்க்கும் வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. உள்ளே வந்து, கை கழுவி, அரிசி களைந்தாள்.

அண்ணன் தன் வார லீவில் பாலடினை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு கோட்டைக்குப் போனான். எல்லோருக்கும் முன்னால் வாளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். வாளில்தான் ஒரு புள்ளிகூட இல்லையே. இந்த வாளுக்கு ஒரு ஓநாய்கூடச் சாகாது, என்னதான் செய்து வைத்திருக்கிறாய் என்று போனில் அலறினான். பின்னால் நின்று கோடுகளைப் பார்க்கவும் அவனுக்குத் தெரியவில்லை. ஐந்து பேரும் வாசலிலேயே செத்தார்கள். அதற்குப் பிறகு அவன் அதைத் திறக்கவும் இல்லை, இவளிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. என் அண்ணன் கெட்டவன் இல்லை. அவளுக்குத் தலைவலி என்றால் அங்கே தூங்கமாட்டான். ஆனாலும் அந்த விஷயத்தில் அவன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை. புதிதாக உங்கள் பெயரிலேயே ஒரு பாலடினை ஆரம்பியுங்கள் அண்ணி என்று சொன்னேன். "முதல்லேர்ந்தா? அந்த ஓநாய்ங்களையா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை. சில மாதங்களில் விசா வந்தது, கிளம்பிவிட்டாள். பெட்டியில் எடை அதிகம் என்று கடைசி நேரத்தில் வெளியே எடுத்து வைத்தவற்றில் புளி இருந்தது, ஒரு குக்கர் மூடி இருந்தது, இந்த மவுஸும் இருந்தது. எடுத்துப் போகலாம் என்று முதலில் உள்ளே வைத்திருந்தாளே என்று நான் அதைப் பார்த்தபடி நின்றேன்.

எனக்கும் ஒருவழியாக வேலை கிடைத்தது. இப்போது கம்பெனி வேன் வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போகிறது. ஏறினால் தூக்கம் வராது, இறங்கினால் நடக்கப் பிடிக்காது. போன மாதம் போனின் கண்ணாடி உடைந்து, இரும்புலியூரில் அந்தக் கடைக்கே போனேன். கடைக்கார அண்ணாவுக்குத் தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. அண்ணி எப்படி இருக்காங்க என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறாள், அண்ணன் வேலைக்குப் போனால் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள் என்றேன். அவர் போனைப் பிரித்துக்கொண்டே, நாங்கள் இன்னும் ஆடுகிறோம் என்றார். போன வருஷம் யாரோ ஒருவர், முன்பின் தெரியாத பெயர், டீமில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாராம். பாலடின். அடிமட்டத்திலிருந்து தனியாக ஏற்றிக்கொண்டு வந்திருந்த பாலடின். மைக் இல்லை. புள்ளி அத்தனையும் மந்திரத்தில், வாளில் ஒன்றுகூட இல்லை.

யார் என்று கேட்டீர்களா என்றேன்.

அவர் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்து மூடியில் போட்டார். "சண்ட நடுவுல 'இருங்கடா, பால் பொங்குது'ன்னு போட்டுட்டு ஓடிப்போச்சு. நாலு பேருக்கும் புரிஞ்சுபோச்சு. ஆனா கேக்கலம்மா. கேட்டா அப்பறம் அண்ணின்னு கூப்புடணும். இப்ப மச்சான்னு கூப்புட்டுகினு கீறோம். போன வாரம் குதிர வந்துச்சி மச்சானுக்கு. கோட்டையும் முடிச்சிட்டோம்."

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது, அது ஊருக்கே தெரியும். ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். கடைசியில் மேசையில் உட்கார்ந்து அண்ணிக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம். கேட்க வேண்டியது நாக்கு நுனியில் நின்றது. நாங்க எதுவும் கேக்க மாட்டோம் என்று அன்றைக்குக் கேட்டில் நின்று சொன்னவர், இத்தனை வருஷம் கழித்து அந்தச் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நான் உடைக்கலாமா? சமையல் ஆச்சா அண்ணி என்று மட்டும் கேட்டேன்.

"அடுப்புல இருக்கு பாப்பா. நீ பேசு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். அவள் கேட்கவில்லை. குரல் வேறெங்கோ இருந்தது. பின்னால் டிக் டிக் என்று பொத்தான் அமுங்குகிற சத்தம் விடாமல் வந்தது, அதோடு ஏதோ ஒரு டம்ளர் மேசைமேல் நடுங்குகிற சத்தமும். கால் ஆடுகிறது. என் விரல் மஞ்சள் படிந்த பொத்தானின்மேல் இருந்தது. நேற்று வேனில் யாரோ தூங்கி விழுந்தது, அம்மாவுக்கு முட்டிவலி, கேம்ப் ரோட்டில் மறுபடியும் தோண்டிப் போட்டிருப்பது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ம் ம் என்றாள். கொஞ்ச நேரத்தில், "இரு பாப்பா, ஒருத்தனுக்கு இலை காலியாயிடுச்சு" என்று தன்னை மறந்து சொன்னாள். நான் இருந்தேன்.